வெங்காயம் அல்ல, டாஃபோடில்

2015 தொடக்கத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை அந்நாட்டின் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. டாஃபோடில் என்ற மஞ்சள் பூவின் கட்டுகளைக் காய்கறி, பழங்களுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்பதுதான் சாரம். அந்தப் பூ கடைக்கு எந்தக் கோலத்தில் வருகிறது என்று பார்த்தவர்களுக்கு இந்தக் கடிதத்தில் வியப்பு இருக்காது. விரிந்த டாஃபோடில் வண்டியில் நசுங்கிவிடும். அதனால் மஞ்சள் வெளியே தெரியாத இறுகிய மொட்டாகவே பறிக்கிறார்கள். பத்துத் தண்டுகளைச் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் போடுவார்கள். வெளிர்பச்சைத் தண்டு, நுனியில் சற்றே பருத்த கூர்மொட்டு. சீனச் சமையலில் வதக்கிச் சாப்பிடும் பூண்டுத்தாள் மொட்டும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். 2012-இல் பிரிஸ்டல் நகரில் சீனச் சமூகத்தைச் சேர்ந்த சிலர் டாஃபோடில் கட்டைக் கீரை என்று எண்ணி வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டு மருத்துவமனைக்குப் போனார்கள்.

குழப்பம் மொட்டோடு முடிவதில்லை. இலையுதிர் காலத்தில் நடுவதற்காக இதன் குமிழங்கள் வலைப்பையில் விற்பனைக்கு வருகின்றன. காகிதம் போன்ற பழுப்புத் தோல், அடுக்கடுக்கான சதை, அடியில் வேர்த்தட்டு என்று பார்வைக்கு அச்சு அசல் வெங்காயம். 2009-இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஒரு தொடக்கப்பள்ளியின் சமையல் வகுப்பில், தோட்டத்திலிருந்து வந்த ஒரு டாஃபோடில் குமிழம் வெங்காயம் என்று சூப்புக்குள் போய்விட்டது. குடித்த பிள்ளைகளுக்கு வயிற்றுவலியும் வாந்தியும் வந்தன.

உள்ளே இருப்பது என்ன

டாஃபோடில் என்பது நார்சிசஸ் பேரினத்துச் செடிகளுக்குப் பொதுவாக வழங்கும் பெயர். தாயகம் பெரும்பாலும் ஸ்பெயின், போர்ச்சுகல், மேற்கு மத்தியதரைக் கடலோரம். ஆறு இதழ்கள், நடுவே கிண்ணம் அல்லது எக்காளம் போன்ற ஒரு மகுடம். காட்டு இனங்கள் சில டஜன்தான், ஆனால் தோட்டக்காரர்கள் கலப்பினம் செய்து பதிவு செய்த ரகங்கள் 30,000-ஐத் தாண்டிவிட்டன. அவற்றின் பதிவேடு பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டியிடம் இருக்கிறது.

இன்றைய தாவர வகைப்பாட்டில் வெங்காயமும் பூண்டும் டாஃபோடிலும் அமரில்லிடேசி என்ற ஒரே குடும்பத்தில்தான் வருகின்றன. ஆனால் உட்குடும்பம் வேறு. வெங்காயக் கிளை தற்காப்புக்குக் கந்தகச் சேர்மங்களை வைத்துக்கொண்டது. வெட்டினால் கண் எரிவது அதனால்தான். டாஃபோடில் கிளை ஆல்கலாய்டுகள் என்னும் நச்சுச் சேர்மங்களைப் பிடித்துக்கொண்டது. அவற்றில் முக்கியமானது லைக்கோரின். அது வாந்தியைத் தூண்டும் பொருள். இலை, தண்டு, பூ, குமிழம் என எல்லாப் பாகத்திலும் இருக்கிறது, குமிழத்தில் அதிகம். நம் ஊரில் வேலியோரமும் பூங்காக்களிலும் வெள்ளைப் பூக்களோடு நிற்கும் விஷமூங்கில் இதே கிளையைச் சேர்ந்தது. அதிலும் லைக்கோரின் உண்டு.

இரண்டாவது ஆயுதம் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகச் சாற்றிலும் தோலிலும் கட்டுக்கட்டாக இருக்கும். கடித்தவுடன் நாக்கும் தொண்டையும் எரிவது இவற்றால். நமக்கு இது புதிதல்ல, காறும் சேனையில் இருப்பதும் இதுதான். சேனையைப் புளியில் வேகவைத்துக் காறலைக் குறைத்துவிடுகிறோமே, இதையும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்கலாம். பலிக்காது. கொதிக்கவைப்பதால் லைக்கோரின் போய்விடாது. சஃபோக் பிள்ளைகள் குடித்ததும் வெந்த சூப்தான்.

சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் குமட்டல், வாந்தி, எச்சில் ஊறல், வயிற்றுப்போக்கு, வயிற்றுப்பிடிப்பு தொடங்கும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். வாந்தி சீக்கிரம் வருவதால் நஞ்சின் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது, உயிரிழப்பு அரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிறு பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் நீரிழப்புதான் பெரிய ஆபத்து. நாய் கதை வேறு. புதிதாக நட்ட குமிழத்தைத் தோண்டி முழுசாக விழுங்கிவிடும் பழக்கம் அதற்கு உண்டு. அளவு அதிகமானால் ரத்த அழுத்தம் சரிவது, சோர்ந்து விழுவது, வலிப்பு வரை போகலாம். கால்நடை மருத்துவரிடம் தாமதிக்காமல் கொண்டுபோக வேண்டும்.

யாராவது சாப்பிட்டுவிட்டால், வாயில் மிச்சமிருப்பதைத் துப்பச் சொல்லி வாய் கொப்பளிக்க வையுங்கள், கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். தொண்டைக்குள் விரலை விட்டோ உப்புநீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஊசிப் படிகங்கள் ஏறிவரும்போது தொண்டையை மறுபடி புண்ணாக்கும், மூச்சுக்குழாயில் புரையேறவும் கூடும். தின்ற செடியின் மிச்சத்தை ஒரு பையில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. வாந்தியை அடக்குவதும் சலைன் ஏற்றி நீரிழப்பை ஈடுகட்டுவதும்தான் சிகிச்சை. இந்தியாவில் டில்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையம் இத்தகைய நேரங்களில் மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் வழிகாட்டுகிறது.

வெங்காயமா, டாஃபோடிலா என்று பிரித்தறிய நம்பகமான சோதனை மூக்கு. வெட்டிய வெங்காயம் நெடி அடிக்கும், டாஃபோடில் அடிக்காது. அதற்குப் பதில் வழுவழுவென்று ஒரு கோழை போன்ற சாறு வடியும். இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. வெங்காயம் நறுக்கிய அதே பலகையில், அதே கத்தியில் இதையும் நறுக்கினால் எல்லாமே வெங்காய நெடிதான். இலை இருந்தால் வேலை சுலபம். வெங்காயத்தாள் உள்ளே குழலாக இருக்கும். டாஃபோடில் இலை தட்டையான பட்டை. ஒரே அடித்தட்டில் இரண்டு மூன்று குமிழங்கள் ஒட்டிப் பிறந்திருப்பதும் டாஃபோடிலில் சாதாரணம். ஆனால் சின்ன வெங்காயமும் அப்படிப் பிரியும் என்பதால் நம் சமையலறையில் இந்த அடையாளத்தை நம்பிப் பயனில்லை.

பறிப்பவர்களின் கை

வாசகர்கள் அதிகம் கேள்விப்படாத பாதிப்பு தோலில் வருவது. இங்கிலாந்தின் கார்ன்வாலிலும் சில்லித் தீவுகளிலும் பூப்பறிக்கும் தொழிலாளர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. அங்கே இதை லில்லிச் சொறி என்கிறார்கள். ஒவ்வொரு தண்டையும் அடியில் கிள்ளி ஒடிக்கும்போது சாறு விரலிடுக்கிலும் நகத்தடியிலும் முன்கையிலும் வழிகிறது. ஊசிப் படிகங்கள் தோலில் நுண்ணிய கீறல்களை உண்டாக்க, அவற்றின் வழியே ஆல்கலாய்டுகள் இறங்குகின்றன. முதலில் சிவந்து அரிக்கும், பிறகு தோல் வறண்டு செதிலாகி வெடிக்கும். பெரும்பாலும் இது வெறும் உறுத்தல். சிலருக்கு உண்மையான ஒவ்வாமையாகவே மாறிவிடும். அவர்கள் கையுறை போட்டாலும் தப்புவது கடினம்.

பருத்திக் கையுறை இங்கே பாதுகாப்பல்ல, சாற்றை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்துக்கொள்ளும். நைட்ரைல் கையுறை, அதன்மேல் இறுகும் முழுக்கைச் சட்டை, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுதல் என்பதுதான் பண்ணைகளின் முறை. உலர்ந்த குமிழங்களைக் கிடங்கில் தரம் பிரிப்பவர்களுக்குத் தோல்தூசி மூக்கையும் கண்ணையும் உறுத்தும். அவர்களுக்கு முகக்கவசம் தேவை.

இதே கோழைச்சாறு பூச்சாடியில் இன்னொரு வேலை செய்கிறது. புதிதாக வெட்டிய டாஃபோடிலை ரோஜாவோடும் டூலிப்போடும் ஒரே நீரில் வைத்தால் அவை சீக்கிரம் வாடிவிடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றல்ல. ரோஜாவில், சாற்றிலுள்ள சர்க்கரைகளைத் தின்று பாக்டீரியா பெருகித் தண்டின் நீர்க்குழாய்களை அடைக்கிறது. டூலிப்பில் ஆல்கலாய்டுகளே நேரடியாக இலையை மஞ்சளாக்குகின்றன. டாஃபோடிலை மட்டும் தனிச் சாடியில் ஒரு நாள் நிறுத்தி, சாறு வடிந்த நீரைக் கொட்டிவிட்டு, தண்டை மறுபடி வெட்டாமல் மற்ற பூக்களோடு சேர்க்கலாம். மறுபடி வெட்டினால் மறுபடி வடியும். சாடி நீரிலும் நஞ்சு இறங்கியிருக்கும். பூனை குடிக்கும் இடத்தில் வைக்கக்கூடாது.

நஞ்சே முதலீடு

இவ்வளவு தொல்லை தரும் செடியை ஏன் நடுகிறார்கள்? நஞ்சு இருப்பதால்தான் என்பது பாதி விடை. அணிலும் மானும் முயலும் வயல் எலியும் டூலிப் குமிழத்தைத் தேடித் தின்னும், டாஃபோடிலைத் தொடாது. ஐரோப்பாவில் வீடே இடிந்து மறைந்த இடங்களில்கூட, ஆண்டுதோறும் தவறாமல் மஞ்சள் வரிசை எழுந்து, தோட்டம் எங்கே இருந்தது என்று காட்டுகிறது. டூலிப்பைச் சுற்றி டாஃபோடில் நடுவது தோட்டக்காரர்களின் பழைய உத்தி. முழுக் காவல் கிடைக்காது, இழப்பு குறையும்.

இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944–45 பஞ்சத்தின்போது, நெதர்லாந்து மக்கள் டூலிப் குமிழத்தை, நடுக்குருத்தை எடுத்துவிட்டு, வேகவைத்துத் தின்றார்கள். அந்தப் போர்க்காலத்தில் டாஃபோடில் குமிழங்கள் தீவனமாகப் போடப்பட்ட மாடுகள் நச்சுண்டன. ஒரே நாட்டில், ஒரே காலத்தில் இரண்டு குமிழங்களுக்கும் உள்ள வேறுபாடு இப்படி வெளிப்பட்டது.

பூச்சியும் புழுவும் மட்டும் இந்த நஞ்சுக்கு முழுதாக அடங்கவில்லை. டாஃபோடில் ஈயின் புழு குமிழத்தின் அடியால் புகுந்து நடுவைத் தின்றுவிடும். தண்டு நூற்புழு இலையில் புடைப்புகளையும் குமிழத்தில் பழுப்பு வளையங்களையும் உண்டாக்கும். 1910-களில் இந்த நூற்புழு பிரிட்டனின் டாஃபோடில் தொழிலையே அழிக்கப் பார்த்தது. ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டியின் விஸ்லித் தோட்டத்தில் வேலை பார்த்த ஜேம்ஸ் ராம்ஸ்பாட்டம் என்ற இளம் ஆய்வாளர்தான் வெந்நீர் வழியைக் கண்டறிந்தார். இன்றும் அதே வழிதான்: உறக்கநிலையில் இருக்கும் குமிழங்களை 44.4 டிகிரி செல்சியஸ் நீரில் 3 மணி நேரம் அமிழ்த்துகிறார்கள். வெப்பம் குறைந்தால் புழு பிழைக்கும், கூடினால் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் மொட்டு கருகும். இந்தத் தொட்டிகளில் கட்டுப்பாட்டுக் கருவி துல்லியமாக இருந்தே ஆக வேண்டும்.

மருந்தும் மணமும்

இந்தக் குடும்பத்து ஆல்கலாய்டுகளில் மருந்துக்கடைக்கு வந்து சேர்ந்தது காலன்டமின். 1950-களின் தொடக்கத்தில் சோவியத் ஆய்வாளர்கள் டாஃபோடிலின் உறவான காக்கேசியப் பனித்துளிப் பூவிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். பல்கேரியாவில் நிவலின் என்ற பெயரில் போலியோவுக்குப் பிந்தைய தசைத் தளர்ச்சிக்குக் கொடுத்தார்கள். அல்சைமர் நோய்க்கான மருந்தாக 2000-இல் ஐரோப்பாவிலும் 2001-இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது.

நினைவாற்றலுக்குத் தேவையான அசிட்டைல்கோலினை மூளையில் ஒரு நொதி உடைத்துக்கொண்டே இருக்கிறது. காலன்டமின் அந்த நொதியின் கையைக் கட்டுகிறது. நோய் குணமாகாது, மிதமான நிலையில் உள்ளவர்களுக்கு அறிகுறிகள் சில காலம் தணியும். நாளுக்கு 8 மி.கி.யில் தொடங்கி, நான்கு வாரம் பொறுத்து 16-க்கும், தேவையானால் பிறகு 24-க்கும் ஏற்றுவார்கள். அவசரமாக ஏற்றினால் குமட்டலும் வாந்தியும் வரும், ஏனெனில் அசிட்டைல்கோலின் குடலிலும் வேலை செய்கிறது. இன்று இதைச் செயற்கையாகவும் தயாரிக்கிறார்கள், டாஃபோடிலிலிருந்தும் எடுக்கிறார்கள். வேல்ஸின் பிளாக் மவுண்டன்ஸ் மலைச்சரிவுகளில் இதற்கென்றே பயிரிடுகிறார்கள். அதிகம் பயன்படும் ரகம் கார்ல்டன். அதன் உலர் எடையில் காலன்டமின் ஏறத்தாழ 0.1 சதவீதம்தான். இந்தச் செய்தியைப் படித்துவிட்டு யாராவது தாத்தாவுக்கு டாஃபோடில் கஷாயம் வைத்துக் கொடுத்தால், மருந்தோடு லைக்கோரினும் சேர்ந்தே உள்ளே போகும்.

வாசனைத் தொழிலில் பயன்படுவது வெள்ளை இதழும் சிவப்பு விளிம்பிட்ட சிறு மகுடமும் கொண்ட நார்சிசஸ் பொயட்டிகஸ். பிரான்சின் ஓப்ராக் மேட்டுநிலப் புல்வெளிகளில் மே, ஜூன் மாதங்களில் சீப்புப் போன்ற கருவியால் பூக்களை வாரியெடுத்துக் கரைப்பானில் ஊறவைக்கிறார்கள். ஏறத்தாழ 500 கிலோ பூவுக்கு ஒரு கிலோ மெழுகுப்பதச் சாரம் கிடைக்கும். அதிலிருந்து பிரியும் தூய சாரம் இன்னும் குறைவு. விலை ஏன் ஏறிப்போகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

மரணத்தின் பூ, மார்ச் மாதத்தின் பூ

கிரேக்கத்தில் இது சாவுக்கு நெருக்கமான பூ. டெமிட்டருக்கான பழைய துதிப்பாடலில் பெர்சிபோனி நார்சிசஸைப் பறிக்கக் கை நீட்டும் நொடியில்தான் நிலம் பிளந்து பாதாளத் தேவன் ஹேடிஸ் அவளைத் தூக்கிச் செல்கிறான். நீரில் தெரிந்த தன் பிம்பத்தையே காதலித்துக் கரைந்த நார்சிசஸ் என்ற இளைஞனின் கதையை ரோமக் கவிஞர் ஓவிட் சொல்லி நிலைநிறுத்தினார். பலருக்கும் தெரிந்தது இரண்டாவது கதைதான் என்றாலும், தீண்டினால் ஆபத்து என்று தெரிந்திருந்த மக்களின் கதையாக முதலாவதே எனக்குப் படுகிறது. பாரசீக, உருது கவிதையில் இந்த இருள் இல்லை. அங்கே நர்கிஸ் எனப்படும் இந்தப் பூ காதலியின் கண்.

வேல்ஸ் நாட்டுக்கு மார்ச் 1 புனித டேவிட் திருநாள். பழைய சின்னம் லீக் என்ற வெங்காயத்தாள் வகைக் காய். டாஃபோடில் அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது மிகவும் பிந்தித்தான். 1911-இல் கேர்னார்வன் கோட்டையில் இளவரசர் பட்டமேற்ற விழாவும், வேல்ஸ் அரசியல்வாதி லாயிட் ஜார்ஜின் ஆதரவும் அதற்கு உரமிட்டன. இன்று அந்நாளில் சட்டையில் குத்திக்கொள்ளும் இரண்டு சின்னங்களில் ஒன்று சூப்புக்கு ருசி, மற்றது சூப்பில் விழுந்தால் வாந்தி. புற்றுநோய் அறக்கட்டளைகள் இதைத் தேர்ந்தெடுத்தது, குளிர்காலம் முடியும்போது முதலில் எழும் பூ என்பதற்காக. பிரிட்டனில் மேரி கியூரி அறக்கட்டளை 1986 முதல் டாஃபோடில் வில்லையோடு நிதி திரட்டுகிறது. டாஃபோடில் சேர்மங்கள் சில சோதனைக்கூடத்தில் புற்றணுக்களைத் தடுப்பது உண்மை, ஆனால் புற்றுநோய்க்கு மருந்தாக எதுவும் வந்துவிடவில்லை.

தமிழ் மாணவர்கள் பலருக்கு இந்தப் பூ ஆங்கிலப் பாடத்தில் வேர்ட்ஸ்வொர்த் வழியாகவே அறிமுகம். 1802 ஏப்ரலில் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அவர் கண்டது கடைப் படங்களில் வரும் பெரிய தங்க எக்காளம் அல்ல. இதழ் வெளிறிய, குட்டையான காட்டு இனம் அது.

சீனாவில் தெற்கே, ஃபூஜியன் மாகாணத்தின் ஜாங்ஜோ குமிழங்கள் புகழ்பெற்றவை. கொத்தாகப் பூக்கும் தசெட்டா வகை. சீனப் புத்தாண்டுக்குச் செழிப்பின் அடையாளமாக வீட்டில் பூக்க வைப்பார்கள். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் அண்டை வீட்டு மேசையில் இதைப் பார்த்திருக்கக்கூடும். குமிழத்தின் ஒரு பக்கச் சதையைச் செதுக்கி மொட்டுகளை வெளிக்காட்டி, இளம் இலையின் ஒரு விளிம்பைச் சீவிவிடுவார்கள். சீவிய பக்கம் மெதுவாக வளர, இலை நண்டுக்கொடுக்குப் போல வளையும். பிறகு ஒரு நாள் நீரில் ஊறவைத்துக் கோழையைக் கழுவி, வெட்டுவாயைப் பஞ்சால் மூடி வைப்பார்கள். கழுவாமல் விட்டால் வெட்டுவாய் பழுத்து அழுகும்.

வளர்க்க நினைத்தால்

குளிர்நாட்டில் செப்டம்பர், அக்டோபரில் குமிழத்தின் உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில், பொதுவாக 10–15 செ.மீ., நட வேண்டும். பெரிய எக்காள ரகங்களுக்கு 9 டிகிரிக்குக் கீழே 12 முதல் 16 வாரக் குளிர் கட்டாயம். பூத்து முடிந்தபின் குறைந்தது ஆறு வாரம் இலையை வெட்டக்கூடாது, முடிச்சுப் போடவும் கூடாது. அடுத்த ஆண்டின் மொட்டு அந்த இலை சமைக்கும் உணவால்தான் கோடையில் குமிழத்துக்குள் உருவாகிறது. இலை மட்டும் வந்து பூ வராத செடிக்கு முக்கால்வாசிக் காரணம் அவசரப்பட்ட கத்தரி. மீதி நெரிசல், ஆழமில்லாத நடவு, ஈப்புழு.

தமிழ்நாட்டுச் சமவெளியில் எக்காள ரகங்கள் நிலத்தில் நிலைக்காது. குளிர்பதனப் பெட்டியில் குளிரூட்டிப் பார்ப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பழுக்கும் ஆப்பிள், வாழையிலிருந்து வரும் எத்திலீன் மொட்டை உள்ளேயே கொன்றுவிடும், அதனால் பழங்களோடு வைக்கக்கூடாது. பையின் மேல் பெரிய எழுத்தில் ‘நஞ்சு, சமைக்காதே’ என்று எழுத வேண்டும். இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சாம்பார் வைக்கும் அவசரத்தை மறந்துவிடுகிறார்கள்.

குளிர் தேவைப்படாதது பேப்பர்வைட் என்ற தசெட்டா ரகம். கிண்ணத்தில் கூழாங்கல் பரப்பி, குமிழத்தை நெருக்கமாக நிறுத்தி, அடித்தட்டை மட்டும் தொடுமளவு நீர் விட வேண்டும். குமிழம் நீரில் அமிழ்ந்தால் அழுகும். மூன்று முதல் ஐந்து வாரத்தில் பூக்கும். வெப்பமும் மங்கலான வெளிச்சமும் சேர்ந்தால் தண்டு ஒடிசலாக நீண்டு சாய்ந்துவிடும். இதற்கு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2006-இல் சொன்ன தீர்வு வேடிக்கையானது, ஆனால் பலிக்கிறது. தளிர் 3–5 செ.மீ. வந்ததும் நீரைக் கொட்டிவிட்டு, 40 சதவீதச் சாராயம் ஒரு பங்குக்கு ஏழு பங்கு நீர் சேர்த்து ஊற்ற வேண்டும். வேர் நீர் உறிஞ்சுவது சற்றுக் குறைந்து, தண்டு மூன்றில் ஒரு பங்கு குட்டையாகும். பூ அளவு மாறாது. பீரும் ஒயினும் கூடாது, அவற்றின் சர்க்கரை வேரை அழுகவைக்கும். வாசனை எல்லோருக்கும் பிடிக்காது. சிலருக்கு மல்லிகை, சிலருக்குத் தொழுவம்.

பூத்த பேப்பர்வைட் குமிழம் நீரில் வளர்ந்து சத்திழந்தது. மறுபடி பூக்க வைப்பது வீண்வேலை, வெளியே போட வேண்டியதுதான். நம் தெருக்களில் குப்பைத்தொட்டியைச் சுற்றி மாடு மேயும். அதனால் திறந்த குப்பையில் போடாமல், குழியில் நன்றாக ஆழத்தில் புதைத்துவிட வேண்டும்.